புனித சவேரியாரைத் தாங்கிய செபங்கள்

நம் பங்கின் விழா மலரில் இதுவரை நம்மிடையே பணியாற்றிய குருக்களின் பெயர்களும் படங்களும் வரிசையாக இடம்பெறுகின்றன. அவர்கள் கட்டிய கோவில், தொடங்கிய பள்ளி, கூட்டிய சபைகள் எல்லாவற்றையும் நன்றியோடு நினைக்கிறோம். நினைக்க வேண்டியதே. ஆனால் அந்தக் குருக்களைத் தாங்கியவர் யார் என்ற கேள்வியும் ஒன்று உண்டு. வீட்டு மூலையில் செபமாலை உருட்டிய பாட்டிமார்களின் பெயரை எந்த மலரில் அச்சிட முடியும்? பூசை முடிந்த பின்னும் நற்கருணைப் பேழையின் முன் முழந்தாளிட்டிருந்த பெரியவர்களைப் பற்றி எந்தப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறோம்?

இந்தக் கேள்விக்கு விடை தேடிச் செல்வோருக்கு ஒரு புனிதரின் வாழ்வு நல்ல வழிகாட்டி. அவர் நமக்குப் புதியவர் அல்லர். தூத்துக்குடி, மணப்பாடு, கோட்டாறு பக்கங்களிலிருந்து பிழைப்பைத் தேடி வந்து தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில் அவர் பெயரைத் தாங்காத தலைமுறையே இல்லை. அவர்தாம் புனித பிரான்சிஸ் சவேரியார். சவேரியாரே, எங்களுக்காக மன்றாடும் என்று நாம் நானூறு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். ஆனால் உயிரோடிருந்த காலத்தில், எனக்காக மன்றாடுங்கள் என்று நம் முன்னோரிடம் கேட்டவரும் அதே சவேரியார்தாம். அவர் வாழ்க்கையின் இந்தப் பக்கத்தை நம்மில் பலர் அறிந்ததில்லை. அதை அறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோட்டையில் பிறந்த கடைக்குட்டி

ஸ்பெயின் நாட்டின் வடக்கே, அந்நாளில் தனி அரசாக விளங்கிய நவார் நாட்டில், சவேரி என்னும் கோட்டையில் 1506-ம் ஆண்டு ஏப்ரல் 7-ம் நாள் பிரான்சிஸ் பிறந்தார். வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை. தந்தை அரசவையில் உயர்ந்த பதவி வகித்தவர். ஆனால் செல்வாக்கு நெடுநாள் நிலைக்கவில்லை. பிரான்சிசுக்கு ஒன்பது வயதாகும்போது தந்தை இறந்தார். அடுத்த ஆண்டே, நவாரை வென்ற காஸ்தில் அரசின் ஆணைப்படி கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடிக்கப்பட்டன. இடிந்த கோட்டையின் நிழலில் வளர்ந்த இளைஞன், படித்துப் பட்டம் பெற்றுக் குடும்பத்தின் பெருமையை மீட்க வேண்டும் என்று எண்ணியது இயற்கையே.

1525-ல் அவர் பாரிசு மாநகரின் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். புனித பார்பரா கல்லூரியில் அவரோடு ஒரே அறையில் தங்கியவர் பேதுரு பேபர் என்ற சாந்தமான மாணவர். 1529-ல் மூன்றாமவராக அந்த அறைக்கு வந்து சேர்ந்தவர்தாம், போரில் காயமுற்று மனந்திரும்பிய லொயோலா இஞ்ஞாசியார். பேபர் விரைவில் இஞ்ஞாசியாரின் வழிக்கு வந்துவிட்டார். சவேரியாரோ எளிதில் வளைந்து கொடுக்கவில்லை. உலகம் முழுவதையும் தனதாக்கிக்கொண்டாலும் ஆன்மாவை இழப்பவனுக்கு என்ன பயன் என்னும் ஆண்டவரின் கேள்வியை இஞ்ஞாசியார் பொறுமையோடு அவர் முன் வைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்தக் கேள்வி வென்றது. 1534-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ம் நாள், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, மோன்மார்த்தர் குன்றில் ஏழு நண்பர்கள் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். சவேரியார் அவர்களில் ஒருவர். 1537-ல் வெனிஸ் நகரில் குருப்பட்டம் பெற்றார்.

இந்தியாவுக்கு வரத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் முதலில் அவர் அல்லர். போர்த்துக்கல் அரசர் கேட்டுக்கொண்டபடி இஞ்ஞாசியார் இருவரைக் குறித்திருந்தார். அவர்களில் ஒருவரான பொபதில்லா நோயுற்றுப் படுத்துவிட்டார். அரசரின் தூதுவர் புறப்படும் நேரமோ நெருங்கிவிட்டது. அவருக்குப் பதிலாக நீ போ என்று இஞ்ஞாசியார் சொன்னார். சவேரியார் உடனே ஒப்புக்கொண்டார். கிழிந்த உடைகளைத் தைத்துக்கொண்டு 1540 மார்ச் நடுவில் உரோமையை விட்டுக் கிளம்பினார். தம் அருமை நண்பர் இஞ்ஞாசியாரை இவ்வுலகில் மீண்டும் அவர் காணவே இல்லை.

லிஸ்பன் துறைமுகத்திலிருந்து 1541 ஏப்ரல் 7-ல், தம் முப்பத்தைந்தாம் பிறந்தநாளில், கப்பலேறினார். வழியில் மொசாம்பிக் தீவில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, பதின்மூன்று மாதப் பயணத்துக்குப் பின் 1542 மே 6-ல் கோவா வந்து சேர்ந்தார்.

முத்துக்குளித்துறையின் சிறு பிள்ளைகள்

அதே ஆண்டு அக்டோபரில் சவேரியார் நம் தமிழ் மண்ணுக்கு வந்தார். முத்துக்குளித்துறையின் பரதவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. தமிழும் போர்த்துக்கீசும் தெரிந்தவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கற்பனைகள், பரலோக மந்திரம் ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாய் நடந்து பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டினார்.

அவர் தமிழ் தடுமாறிய தமிழ்தான். விசுவாசப் பிரமாணத்தில் விசுவசிக்கிறேன் என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில், வேணும் என்ற சொல்லை அவருடைய துணைவர்கள் முதலில் போட்டுவிட்டார்கள். பின்னர் அதைக் கண்டுகொண்ட சவேரியார், வேணும் என்றால் விரும்புகிறேன் என்று பொருள், ஆகவே அதை மாற்றி விசுவாசம் என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்லும்படி தம் தோழர் மன்சிலாசுக்குக் கடிதம் எழுதினார். பாரிசு பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த பேராசிரியர், நம் தாய்மொழியின் ஒரு சொல்லுக்காக இப்படி மெனக்கெட்டார் என்பதை எண்ணும்போது நமக்கு மனம் நெகிழ்கிறது அன்றோ?

ஊர் ஊராய் ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்து அவர் கைகள் சோர்ந்தன. அதே மந்திரங்களைச் சொல்லிச் சொல்லிக் குரல் கட்டியது. 1544-ம் ஆண்டின் தொடக்கத்தில் எழுதிய கடிதத்தில் அவரே இதைத் தெரிவிக்கிறார். பழைய ஏற்பாட்டில் மோசே மலைமேல் கைகளை விரித்துச் செபித்தபோது, அவர் கைகள் சோர்ந்து விழாதபடி ஆரோனும் கூரும் இருபுறமும் தாங்கிப் பிடித்தார்கள். முத்துக்குளித்துறையில் சோர்ந்த சவேரியாரின் கைகளைத் தாங்கியவர்கள் யார்?

சிறு பிள்ளைகள்! நோயாளிகளின் வீடுகளிலிருந்து அவரை அழைக்க வருவோர் கூட்டம் அதிகமானது. எல்லா வீட்டுக்கும் தாமே போக முடியாத நிலையில், மந்திரங்களை நன்கு கற்ற பிள்ளைகளை அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி வைத்து விசுவாசப் பிரமாணம் சொல்லிச் செபித்தார்கள். அந்த விசுவாசத்தினால் பலர் குணமடைந்தார்கள் என்று அவர் உரோமைக்கு எழுதினார். தமக்காகவும் அந்தப் பிள்ளைகளைச் செபிக்கச் சொல்லும்படி மன்சிலாசுக்கு எழுதினார். திருத்தந்தையின் தூதர் என்ற அதிகாரப் பத்திரங்கள் அவர் கையில் இருந்தன. ஆனால் அவர் நாடியது கடற்கரை மணலில் விளையாடிய தமிழ்க் குழந்தைகளின் செபத்தை.

அவருக்கு அது எவ்வளவு தேவையாயிருந்தது என்பதை 1544-ம் ஆண்டு காட்டுகிறது. அவ்வாண்டு வடுகர் படை தென்கரையைத் தாக்கியது. கன்னியாகுமரிப் பகுதிக் கிறிஸ்தவர்கள் கடலிலுள்ள பாறைகளில் ஒளிந்துகொண்டு பசியாலும் தாகத்தாலும் வாடினார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. பல நாள் போராடியும் தோணிகள் முன்னேறாததால், பின்னர் கால்நடையாகவே அவர்களைத் தேடிச் சென்றார். போர்த்துக்கீசிய அதிகாரிகள் சிலரின் பேராசையும் கொடுமையும் இதைவிட அவரைப் புண்படுத்தின. வாழ்வே கசந்துபோயிற்று என்று எழுதும் அளவுக்கு அவர் மனம் தளர்ந்தார். புனிதர்களும் தளர்வார்கள். தளர்ந்த வேளையில் அதை மறைக்காமல், எனக்காகச் செபியுங்கள் என்று கேட்பார்கள். அந்த ஆண்டின் இறுதியில்தான் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு அவர் ஞானஸ்நானம் அளித்தார். அறுவடை அவர் கையால் நடந்தது. பிள்ளைகளின் செபத்துக்கும் அதில் பங்கு உண்டு.

மயிலையில் நான்கு மாதம்

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1545-ம் ஆண்டு சவேரியார் பெரும் மனக்குழப்பத்தில் இருந்தார். முந்திய ஆண்டு மன்னாரில் புதிதாக மனந்திரும்பிய கிறிஸ்தவர்கள், ஏறத்தாழ அறுநூறு பேர், யாழ்ப்பாண அரசனின் ஆணையால் கொல்லப்பட்டிருந்தார்கள். அதையொட்டி எடுத்த முயற்சிகள் ஒன்றும் கைகூடவில்லை. கிழக்கே மக்காசார் தீவிலிருந்து, அங்கே சிலர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார்கள், போதிக்கக் குருக்கள் இல்லை என்ற செய்தி வந்திருந்தது. தமிழ்க்கரையில் தங்குவதா, கிழக்கே போவதா? எது ஆண்டவரின் திருவுளம்?

இதற்கு விடை கேட்க அவர் தேர்ந்தெடுத்த இடம் மயிலாப்பூரிலுள்ள அப்போஸ்தலர் தோமையாரின் கல்லறை. நாகப்பட்டினத்திலிருந்து கடல் வழியே புறப்பட்டார், காற்று எதிர்த்தது, திரும்பி வந்தார். பிறகு கடற்கரை நாட்டின் வழியே கால்நடையாக மயிலை வந்து சேர்ந்தார். அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டவர் அவ்வூர்ப் பங்குக்குரு கஸ்பார் கொயேலோ. இன்று நாம் காணும் உயர்ந்த கோபுரமுடைய சாந்தோம் பேராலயம் 1896-ல் எழுந்தது. அன்று இருந்ததோ கல்லறையை ஒட்டிய சிறிய கோவில்தான். கொயேலோவின் வீடு அதன் அருகிலேயே இருந்தது. இரவில் எல்லாரும் உறங்கிய பின் சவேரியார் எழுந்து அந்தக் கோவிலுக்குப் போய்ச் செபத்தில் ஆழ்ந்துவிடுவார் என்று கொயேலோ பின்னாளில் சாட்சி கூறினார்.

பங்குக்குருவின் வீட்டில் தங்கியவர் ஊர்ப் பணியிலிருந்து ஒதுங்கியிருக்கவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்டார், பிரசங்கம் செய்தார், குடும்பச் சண்டைகளைத் தீர்த்து வைத்தார். யோவான் தெ எய்ரோ என்ற வணிகர் இங்கேதான் அவரைச் சந்தித்து, கப்பலையும் சரக்கையும் விட்டுவிட்டு அவரோடு மலாக்காவுக்குப் புறப்பட்டார்.

1545 மே 8-ல் மயிலையிலிருந்து கோவாவிலுள்ள நண்பர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தோமையாரின் திருவீட்டில் இடைவிடாது மன்றாடியதாகவும், கிழக்கே செல்வதே ஆண்டவரின் திருவுளம் என்பதை மிகுந்த ஆறுதலோடு உணர்ந்ததாகவும் அதில் தெரிவித்தார். போர்த்துக்கீசியக் கப்பல் கிடைக்காவிட்டால் வேறு யாருடைய கப்பலிலாவது போவாராம். அதுவும் இல்லாமல் இக்கரையிலிருந்து ஒரு கட்டுமரம் மட்டுமே போகுமானால், அதிலும் ஏறிப் போவாராம்! கட்டுமரம் என்ற நம் தமிழ்ச் சொல்லையே அவர் அக்கடிதத்தில் எழுதியிருக்கிறார். இத்தனை துணிவு பெற்ற பின்னும் கடிதத்தை முடிக்கும்போது, பாவியாகிய தம்மைச் செபங்களிலும் திருப்பலிகளிலும் இடைவிடாது நினைத்துக்கொள்ளும்படி கெஞ்சிக் கேட்கிறார். கட்டுமரத்தில் கடல் கடக்கத் துணிந்தவர், பிறர் செபமின்றி ஓர் அடியும் எடுத்து வைக்கத் துணியவில்லை!

இன்னொன்றும் நாம் கவனிக்க வேண்டும். அவர் போக நினைத்த மக்காசாருக்கு அவர் போகவே இல்லை. மலாக்கா சென்றார், அங்கிருந்து மொலுக்காஸ் தீவுகளுக்குத் திருப்பப்பட்டார். மயிலையில் அவர் செபித்த செபம் வீணா? இல்லை. செபம் அவருக்குப் போகும் துணிவைத் தந்தது; ஊரை ஆண்டவர் பின்னால் மாற்றி வைத்தார். நம் குருக்களின் திட்டங்கள் மாறும்போதும், ஆயர் ஒருவரை எதிர்பாராத இடத்துக்கு அனுப்பும்போதும் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

நெஞ்சோடு சுமந்த பெயர்கள்

அந்நாளில் ஐரோப்பாவிலிருந்து கப்பல்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். கிழக்குத் தீவுகளுக்குப் போய்விட்டவருக்கு நண்பர்களின் கடிதம் கிடைக்க ஆண்டுகள் ஆகும். அந்தத் தனிமையில் சவேரியார் செய்த ஒரு காரியம் நம் கண்களைக் கலங்க வைக்கும். தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்கள் தம் கையால் இட்ட கையொப்பங்களைக் கத்தரித்து எடுத்தார். தம் வார்த்தைப்பாட்டுப் பத்திரத்தோடு அவற்றைச் சேர்த்து எப்போதும் தம்மோடு வைத்துக்கொண்டார். 1546 மே மாதம் அம்போன் தீவிலிருந்து எழுதிய கடிதத்தில் இதை அவரே தெரிவித்து, அதிலிருந்து தாம் பெறும் ஆறுதல் பெரிது என்கிறார். மயிலையிலிருந்து பெற்ற தோமையாரின் திருப்பண்டமும் அதே சிமிழில் இருந்தது என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

வேறு எவரும் இதைச் சின்னஞ்சிறு செயல் என்று எண்ணலாம். ஆனால் குருத்துவத்தின் தனிமையை அறிந்தவர்களுக்கு அதன் ஆழம் புரியும். தமக்காகச் செபிப்போரின் பெயர்களை நெஞ்சின்மேல் சுமந்துகொண்டு, முன்பின் அறியாத தீவுகளில் நடந்தார் அந்த மனிதர்.

1548 சனவரியில் மலாக்காவிலிருந்து கொச்சிக்குத் திரும்பும் வழியில் மூன்று பகல் மூன்று இரவு கடும் புயல் அடித்தது. அவர் வாழ்நாளில் அத்தகைய புயலைக் கண்டதில்லை. கப்பலில் இருந்தோர் நம்பிக்கை இழந்து அழுதார்கள். அந்த வேளையில் சவேரியார் ஓர் ஒழுங்கோடு செபித்தார். முதலில் இயேசு சபையில் உயிரோடிருப்போரின் செபத்தைத் துணைக்கு அழைத்தார். பின் உலகெங்குமுள்ள கிறிஸ்தவர்கள் அனைவரின் செபத்தையும் அழைத்தார். பின் விண்ணகத்தில் இருப்போரை அழைத்தார். அவர்களில் ஒருவர், 1546-ல் இறந்துபோன பழைய அறைத்தோழர் பேபர். புயலின் நடுவே தமக்கு உண்டான மகிழ்ச்சி, புயல் ஓய்ந்த பின் இருந்ததைவிடப் பெரிது என்று கொச்சி வந்ததும் எழுதினார். எத்தனை ஆன்ம, சரீர ஆபத்துகளிலிருந்து தோழர்களின் செபங்களும் திருப்பலிகளும் தம்மைக் காத்தன என்பதைத் தம்மால் எண்ணிச் சொல்ல முடியாது என்றும் குறிப்பிட்டார்.

தாம் ஞானஸ்நானம் கொடுத்துச் சிறு வயதிலேயே இறந்துபோன குழந்தைகளையும் அவர் மறக்கவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட அந்த மாசற்ற ஆன்மாக்களைத் தம் பரிந்துரையாளர்களாக வைத்திருந்தார். அவர்களில் நம் தமிழ்க்கரையின் குழந்தைகள் எத்தனை பேரோ!

கரை காணாத கடைசிப் பயணம்

1549 ஆகஸ்டு 15-ல் சவேரியார் ஜப்பானின் ககோஷிமா துறையில் இறங்கினார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்தார். பிறகு சீனாவுக்குள் நுழைய ஆவல்கொண்டு 1552-ல் மீண்டும் கிளம்பினார். சீனக் கரைக்கு எதிரேயுள்ள சான்சியன் தீவில், தம்மை அக்கரைக்குக் கொண்டுபோவதாக வாக்களித்த வணிகனுக்காகக் காத்திருந்தார். அவன் வரவில்லை, காய்ச்சல்தான் வந்தது. குளிர்காற்று வீசும் குடிசையில், அந்தோனி என்ற சீன இளைஞர் மட்டும் அருகிலிருக்க, 1552 டிசம்பர் 3-ம் நாள் விடியுமுன் உயிர் நீத்தார். வயது நாற்பத்தாறு.

அந்தச் செய்தி உரோமை சேர நெடுங்காலம் ஆயிற்று. 1553 சூன் மாதம், நண்பர் இறந்து ஆறு மாதங்களுக்கு மேல் ஆகிவிட்டதை அறியாமலே, திரும்பி வரும்படி அவருக்கு இஞ்ஞாசியார் கடிதம் எழுதினார். கடிதம் எழுதிய நண்பர் அவருக்காகச் செபிக்கவும் மறந்திருக்க மாட்டார். முகவரி அற்றுப்போன பின்னும் அன்பு நின்றுபோவதில்லை. அவர் உடல் கோவாவில் குழந்தை இயேசு பசிலிக்காவில் இன்றும் இருக்கிறது. 1622 மார்ச் 12-ல் இஞ்ஞாசியாரோடு ஒரே நாளில் புனிதர் பட்டம் பெற்றார்.

நடந்தவரும் நடவாதவரும்

1927-ம் ஆண்டு பதினொன்றாம் பத்திநாதர் திருத்தந்தை ஒரு வியப்புக்குரிய காரியம் செய்தார். மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலராகச் சவேரியாரோடு இணையாக லிசியு நகரின் குழந்தை தெரசாளை அறிவித்தார். சவேரியார் பல்லாயிரம் கல் கடந்தவர். தெரசாளோ பதினைந்தாம் வயதில் கார்மேல் மடத்துக்குள் நுழைந்து, இருபத்துநான்காம் வயதில் அதற்குள்ளேயே இறந்தவர். மடத்தை விட்டு வெளியே சென்று ஒருவருக்கும் போதித்ததில்லை. குருக்களுக்காகச் செபிப்பதைத் தம் அழைத்தலின் நோக்கமாகக் கொண்டவர். குருத்துவத்துக்குப் பயின்ற ஒருவரையும், சீனாவுக்குச் சென்ற ஒரு குருவையும் ஞானச் சகோதரராக ஏற்று, தம் நோயையும் வேதனையையும் அவர்களுக்காக ஒப்புக்கொடுத்தார். 1897 மார்ச் மாதத்தில், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், சவேரியாரின் நவநாள் செபத்தையும் செய்தார்.

நடந்தவரையும் நடவாதவரையும் திருச்சபை ஒரே ஆசனத்தில் அமர்த்தியிருக்கிறது. இதன் பொருள் என்ன? பீடத்தில் நிற்பவரின் பணியும், கட்டிலில் படுத்தபடி அவருக்காகச் செபிப்பவரின் பணியும் ஒரே பணி என்பதே.

நாம் செய்யக் கூடியது

இவ்வளவும் அறிந்த பின் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது நம் பேச்சு எதைப் பற்றி இருக்கிறது? சாமியார் பிரசங்கம் நீண்டுவிட்டது. முன்பிருந்த சாமியார் மாதிரி இவர் வீடு சந்திப்பதில்லை. திருவிழாக் கணக்கில் இவருக்குப் பிடிவாதம். இவற்றில் உண்மையும் இருக்கலாம். ஆனால் குறை சொல்லும் அதே வாயால் அந்த வாரம் அவருக்காக ஓர் அருள் நிறை மந்திரமாவது சொன்னோமா?

குருக்களுக்காகச் செபிப்பது முகத்துதி ஆகாது. அவர்கள் தவறே செய்யமாட்டார்கள் என்று சொல்வதும் ஆகாது. எளியவருக்கு அநீதி நேர்ந்தால் அதை உரியவரிடம் எடுத்துச் சொல்வது நம் கடமை. செபத்தைப் போர்வையாக்கி அதை மூடக் கூடாது. சவேரியாரே அதிகாரிகளின் அநீதியை அரசருக்கு எழுதிக் கண்டித்தவர். ஆனால் செபித்துவிட்டுப் பேசுகிறவனின் சொல்லில் வன்மம் இராது, அன்பு இருக்கும். கேட்பவரும் மனந்திறந்து கேட்பார்.

திருச்சபை இதற்கு வழி வகுத்தே வைத்திருக்கிறது. ஒவ்வொரு திருப்பலியிலும் நற்கருணை மன்றாட்டில் திருத்தந்தையின் பெயரும் நம் ஆயரின் பெயரும் சொல்லப்படுகின்றன. அந்த நொடியில் நம் மனம் எங்கே இருக்கிறது? பெரிய வாரத்தில் எண்ணெய் அர்ச்சிக்கும் திருப்பலியில் குருக்கள் தங்கள் வாக்குறுதிகளைப் புதுப்பித்த பின், அவர்களுக்காகவும் தமக்காகவும் செபிக்கும்படி ஆயர் மக்களைக் கேட்கிறார். சவேரியார் மன்சிலாசிடம் கேட்ட அதே கேள்விதான் அது. பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறு 1964 முதல் தேவ அழைத்தலுக்காகச் செபிக்கும் உலக நாளாக இருக்கிறது. வியாழக்கிழமைகளைக் குருக்களுக்காக ஒப்புக்கொடுப்பது நம் பெரியவர்களின் பழக்கம். பூந்தமல்லி குருமடத்தில் பயிலும் இளைஞர்களும் நம் செபத்தை எதிர்பார்த்தே படிக்கிறார்கள்.

முதியோரே, படுத்த படுக்கையாய் இருப்போரே, கோவிலுக்கு வர இயலவில்லையே என்று வருந்த வேண்டாம். உங்கள் வலியை நம் பங்குக்குருவுக்காக ஒப்புக்கொடுங்கள். பெற்றோரே, இரவுச் செபத்தில் குருவானவரின் பெயரையும் ஆயரின் பெயரையும் பிள்ளைகள் வாயால் சொல்ல வையுங்கள். மணப்பாட்டுக் குழந்தைகளின் செபம் சவேரியாரைத் தாங்கியது என்றால், தாம்பரத்துக் குழந்தைகளின் செபம் யாரைத்தான் தாங்காது? மாற்றலாகிப் போன குருக்களையும், ஓய்வு இல்லத்தில் இருக்கும் குருக்களையும், இறந்தவர்களையும் மறவாதீர்கள். நம் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த கைகள் இன்று எங்கே நடுங்கிக்கொண்டிருக்கின்றனவோ!

தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் நம்மில் பலர். பரங்கிமலை நிலையம் வரும்போது வலப்புறமோ இடப்புறமோ எழுந்து பார்த்தால் தோமையாரின் மலை தெரியும். 2002 முதல் அந்த மலையும் நம் தாம்பரமும் செங்கல்பட்டு மறைமாவட்டத்தில் ஒன்றாய் இருக்கின்றன. மலையைக் காணும் அந்த ஒரு நிமிடத்தை நம் ஆயருக்கும் குருக்களுக்கும் கொடுத்தால் போதும். ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்த்தால் எத்தனை செபங்கள் ஆகும்!

சவேரியார் தம்மோடு சுமந்த சிமிழில் கையொப்பங்கள் சிலவே இருந்தன. நம் குருக்கள் தங்கள் நெஞ்சில் சுமக்கும் பெயர்களில் நம் பெயரும் இருக்கட்டும். அவர்கள் பெயர் நம் செபத்தில் இருக்கட்டும். இந்த விழா ஆண்டில் நம் பங்கு தன் மேய்ப்பர்களுக்குத் தரக்கூடிய சிறந்த பரிசு இதுவே.

புனித சவேரியாரே, எங்கள் குருக்களுக்காகவும், அவர்களுக்காகச் செபிக்க மறந்துபோகும் எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும்.